அம்சாவின் பேரை அடிக்காமல் விட்டது

மினி லாரியின் பின்பலகையைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பாத்திர மூட்டை, சுருட்டிய பாய்கள், காலைக் கட்டிய இரண்டு கோழிகள், ஒரு டேபிள் ஃபேன் எல்லாம் ஏறியாகிவிட்டன. பிப்ரவரி கடைசி வாரம், பகல் பன்னிரண்டு மணி இருக்கும். நான் வகுப்புக் கொட்டகைக்குள் பலகையில் ஏழாம் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன்.

அம்சா ஓடி வந்தாள். லாரியில் ஏறி உட்கார்ந்தவள் குதித்து இறங்கி வந்திருக்கிறாள். ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது. வாசலிலேயே நின்று மூச்சு வாங்கினாள்.

"மிஸ், நாங்க ஊருக்குப் போறோங்க."

"தெரியும்மா, மேஸ்திரி காலையிலயே சொன்னாரு. நோட்டெல்லாம் எடுத்துக்கிட்டியா?"

"எடுத்துக்கினேன். மிஸ், என் பேரை அடிச்சிடாதீங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். அழுகிற முகம் இல்லை. ஏதோ கடைக்காரரிடம் பொருளை எடுத்து வைக்கச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

"தீவாளி கழிச்சி வந்துருவோம். எங்க வூட்ல வராங்களோ இல்லியோ, நான் லீவுக்காச்சும் வருவேன். அதுவரிக்கும் அடிக்காதீங்க."

"அடிக்க மாட்டேன். போ, லாரி கெளம்புது."

"சத்தியமா?"

"சத்தியமா" என்றேன்.

மேஸ்திரி நாகராஜ் ஹாரனை இரண்டு முறை அடித்தார். அவள் ஓடினாள். வழியில் விழுந்து கிடந்த இன்னொரு செருப்பைக் குனிந்து எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டு ஏறினாள்.

போன வாரம் இந்தத் தொடரில் குரங்கு வந்து கரும்பலகைத் துணியைத் தூக்கிக்கொண்டு போன கதையை எழுதியிருந்தேன். சிரித்துச் சிரித்துப் படித்ததாகச் சிலர் சொன்னார்கள். இந்த வாரம் அப்படி எழுத எனக்குத் தெம்பில்லை. இந்தக் கதையை விட்டுவிட்டு அடுத்த வருடத்துக்குத் தாவிவிடலாமா என்றுகூடப் பார்த்தேன். அது அயோக்கியத்தனம் என்று தோன்றியது.

மேல் கட்டில்

பெங்களூருக்கு வெளியே, சந்தாபுராவிலிருந்து ஆனேக்கல் போகிற ரோட்டில் கொஞ்ச தூரம் போய், இடது பக்கம் மண் ரோட்டில் திரும்பினால் வரிசையாகப் பிளாஸ்டிக் கூரை போட்ட ரோஜாக் கொட்டகைகள். உள்ளே நுழைந்தால் நெற்றியில் வேர்வை பொங்கும். மருந்து வாடை மூக்கில் ஏறும். ரோஜா வாடை மட்டும் வராது. ஏற்றுமதி ரோஜாவுக்கு வாடை கிடையாது என்பதே எனக்கு அங்கே போன பிறகுதான் தெரியும்.

தீபாவளி முடிந்ததும் அரூருக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் ராய்ச்சூர்ப் பக்கத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக ஆட்கள் வருவார்கள். காதலர் தினத்துக்கான பூ வெட்டு முடியும் வரை வேலை. முடிந்த மறுவாரமே மேஸ்திரி லாரியைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். இந்த நாலு மாதத்தில் பிள்ளைகளின் படிப்பு என்ன ஆவது என்று ஒரு அறக்கட்டளை யோசித்து, தகரக் கொட்டகை போட்டு, என்னை டீச்சராக வைத்தது. பக்கத்து அரசுப் பள்ளியோடு எங்கள் வகுப்பைச் சேர்த்திருந்தார்கள். மதியச் சாப்பாடு அங்கிருந்து வரும். பிள்ளைகளின் பேரும் அந்தப் பள்ளியின் கணக்கில்தான் ஏறும்.

அம்சவேணி அப்போது ஐந்தாம் வகுப்பு. பதினோரு வயது. கண்ணில் பட்டதையெல்லாம் படிப்பாள். உரப்பை, பூப்பெட்டி, என் வீட்டுக்காரர் ஓட்டும் கம்பெனி பஸ்ஸின் முதுகில் இருக்கிற எழுத்து, ஒன்றையும் விடமாட்டாள். ராய்ச்சூர்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து இரண்டே மாதத்தில் கன்னடமும் எழுத்துக்கூட்டிப் படித்தாள். தப்பாகப் படித்தால் அவளுக்கே கோபம் வரும். உதட்டைக் கடித்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

அவள் ஊர்ப் பள்ளியில் ஐந்து வரைதான் உண்டு. ஆறாவதுக்கு ஏழு கிலோமீட்டர் காட்டு வழியில் போக வேண்டும், பஸ் கிடையாது. அதனால் பெண் பிள்ளைகளுக்கான உண்டு உறைவிடப் பள்ளியில் ஜூன் மாதம் சேர்ப்பதாக ஏற்பாடு. அங்கிருந்த வார்டனே வந்து பார்த்து, பட்டியலில் பேர் எழுதிக்கொண்டு போயிருந்தாராம்.

"அங்க கட்டில் இருக்குதாம் மிஸ். ஒன்னு மேல ஒன்னு. நான் மேல்கட்டில்தான் கேப்பேன்."

"ஏன்டி, கீழே விழுந்து தொலைக்கவா?"

"மேல யாரும் வந்து பொருளு வெக்க மாட்டாங்க."

அவள் வீட்டில் ஆறு பேர் ஒரே அறையில் படுப்பார்கள். மருந்துக் கேனும் மண்வெட்டியும் அதே அறையில்தான் இருக்கும். எனக்கு அதற்கு மேல் கேலி பண்ண வரவில்லை.

சிவப்புக் கோடு

எங்கள் வகுப்பில் ஒரு பழக்கம் இருந்தது. யாராவது ஊருக்குப் போய்விட்டால், வருகைப் பதிவேட்டில் அந்தப் பேரின் மேல் ஸ்கேல் வைத்துச் சிவப்புப் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் போன தேதியை எழுத வேண்டும். பிறகு பள்ளியில் சொன்னால், கம்ப்யூட்டரில் அந்தப் பிள்ளையின் நம்பரை விடுவிப்பார்கள். ஊரில் இருக்கிற பள்ளி அதை எடுத்துக்கொள்ளும். நாடு முழுக்க ஒரு பிள்ளைக்கு ஒரு நம்பர், ஒரு நேரத்தில் ஒரு பள்ளி. பயிற்சியில் மூன்று மணி நேரம் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நான் மூன்றாவது மணியில் தூங்கிவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிள்ளைகளுக்கு அந்தச் சிவப்புக் கோடு பிடிக்காது. நான் ஸ்கேலை எடுத்தாலே பேச்சு நின்றுவிடும். எல்லாரும் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று பார்ப்பார்கள். பேரை அடித்துவிட்டால் அந்தப் பிள்ளை திரும்பி வராது என்று அவர்களுக்குள் ஒரு நம்பிக்கை. முதல் வருடம் நான் அடித்த பேர்களில் அண்ணன் தங்கை இரண்டு பேர் அடுத்த வருடம் வரவில்லை. அவர்கள் அப்பா வேறு மேஸ்திரியோடு கேரளப் பக்கம் இஞ்சிக் காட்டுக்குப் போய்விட்டார், அவ்வளவுதான். பிள்ளைகள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. மிஸ் அடித்துவிட்டார், அதனால் வரவில்லை.

அதன் பிறகு ஊருக்குப் போகிற பிள்ளைகள் ஒவ்வொன்றும் என்னிடம் வந்து அதையேதான் கேட்கும். நானும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, அவர்கள் போனதும் கோட்டைப் போட்டுவிடுவேன்.

அம்சா விஷயத்தில் மட்டும் போடவில்லை.

வரலை டீச்சர்

ஏன் போடவில்லை என்று கேட்டால் பெங்களூர் அல்சூர் வரை போக வேண்டும். நான் பிறந்து வளர்ந்தது அங்கேதான். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒண்டுக் குடித்தனம், அப்பா மூட்டை தூக்குகிறவர். மூன்றாம் வகுப்பு படிக்கும்போது எனக்கு மஞ்சள் காமாலை வந்து, இரண்டு மாதத்துக்கு மேல் படுக்கையில் கிடந்தேன். மோரில் கரைத்துக் கொடுத்த கீழாநெல்லிக் கசப்பு இப்போதும் நினைவிருக்கிறது. மோரைக் கண்டாலே இன்றைக்கும் எனக்குக் குமட்டும்.

திரும்பப் பள்ளிக்குப் போன அன்று காலை பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேரி சொன்னாள், "டெய்லி உன் பேரை கூப்ட்டாங்கடி. டெய்லி நாங்க வரலை டீச்சர்னு கத்துவோம்." எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோது, இங்கே தினமும் காலையில் என் பேர் கேட்டிருக்கிறது. அந்த டீச்சரின் முகம் மறந்துவிட்டது. அந்தச் சந்தோஷம் மறக்கவில்லை.

ஆகவே பேரை வைத்திருப்பது என்பது ஒரு பிள்ளைக்குச் செய்யக்கூடிய பெரிய மரியாதை என்று என் மண்டையில் ஏறிவிட்டது. அம்சா வாசலில் நின்று கேட்டபோது எனக்கு அந்தக் காலைதான் ஞாபகம் வந்தது. இது உண்மை. ஆனால் முழு உண்மை இல்லை.

இருபது பேர்

முழு உண்மை இது. வகுப்பில் இருபது பேருக்குக் குறைந்தால் கொட்டகையை மூடிவிடுவார்கள். அறக்கட்டளை விதி. எங்களை மேற்பார்வை பார்த்த ரேணுகா மேடம் மாதம் ஒருமுறை ஸ்கூட்டியில் வருவார். நல்ல மனுஷி. கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார்.

"நோடி வசந்தி, நம்ம சைடுல இந்த ஒரு டென்ட் ஸ்கூல்தான் ஏப்ரல் வரைக்கும் ஓடுது. இருபது இருக்கணும். ஆமேலே, மூடினப்புறம் என்னைக் கேக்காதீங்க."

அம்சாவோடு சேர்த்து இருபது பேர் இருந்தார்கள். அவள் பேரை அடித்தால் பத்தொன்பது. மற்ற குடும்பங்கள் தக்காளித் தோட்டத்திலும் பீன்ஸ் தோட்டத்திலும் ஏப்ரல் முடியும் வரை இருக்கப் போகிறவர்கள். கொட்டகை மூடினால் அந்தப் பத்தொன்பது பேரும் செடிக்கு நடுவில்தான் நிற்பார்கள். என் வேலையும் போய்விடும்.

பேரை அடிக்காமல் விட்டால் மட்டும் போதாது. வரவில்லை என்று போட்டால் அந்த மாதமே கேள்வி வரும். அதனால் மார்ச் முதல் தேதி அம்சவேணி பேருக்கு நேராக டிக் போட்டேன். கை நடுங்கியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். நடுங்கவில்லை. இரண்டாம் நாள் இன்னும் சுலபமாக இருந்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு மூன்று ஷிப்ட் ஆள் ஏற்றுகிறவர். சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பொண்ணுக்கு எதுனா ஆவுமா?"

"அதுக்கு என்ன ஆவப் போவுது? நல்லதுதான். பேரு இருக்கும்."

"அப்ப சும்னே இரு. எதுக்கு பேஜார் பண்ணிக்கற" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

ஏப்ரல் முடிவில் ஐந்தாம் வகுப்புத் தேர்ச்சிப் பட்டியல் போனது. அம்சா பேரும் போனது. பத்தொன்பது பிள்ளைகளும் பரீட்சை எழுதினார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

சாப்பிட்ட முட்டைகள்

ஜூன் மாதம், பள்ளி திறந்து சில நாள் கழித்து, தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. அம்சா குரல். பின்னால் யாரோ மிக்சி ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மிஸ், ஹாஸ்டல்ல சேக்க மாட்டேங்கறாங்க. என் நம்பரு பெங்களூர்லயே ஓடுதாம். அங்க விட்டாத்தான் இங்க எடுக்க முடியுமாம்."

எனக்கு ஒரு நொடி விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அந்த மூன்றாவது மணியில் தூங்காமல் இருந்திருக்கலாம்.

"நான் பாத்துக்கறேன்மா. எத்தனை நாள் டைம் குடுத்திருக்காங்க?"

"மாசக் கடைசி வரிக்கும் பெட்டு வெச்சிருக்கறேன்னு வார்டன் சொன்னாங்க. மேல்கட்டில்தான் மிஸ். பாத்துட்டு வந்துட்டேன்."

மறுநாளே பள்ளிக்குப் போய்த் தலைமை ஆசிரியரிடம் சொன்னேன். வயதானவர், மரியாதையான மனிதர், ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தது. பதிவேட்டை எடுத்து மெதுவாகப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கன்னடத்தில் கேட்டார், எப்போது ஊருக்குப் போனாள் என்று. பிப்ரவரியில் என்றேன்.

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு இன்னொரு நோட்டை எடுத்துக் காட்டினார். மதியச் சாப்பாட்டு நோட்டு. நான் போட்ட டிக்கை வைத்துத்தான் அதை எழுதுவார்கள். மார்ச், ஏப்ரல் இரண்டு மாதமும் அம்சவேணி தினமும் சாப்பிட்டிருக்கிறாள். முட்டை நாளில் முட்டை சாப்பிட்டிருக்கிறாள். எல்லாவற்றிலும் அவர் கையெழுத்து இருந்தது.

"சும்மா விடுவிக்க முடியாதும்மா. அந்த ஊர்க்காரங்க பிப்ரவரியிலேயே வந்துட்டாள்னு எழுதினா, இங்க சாப்பிட்டது யாருன்னு என்னைக் கேப்பாங்க. நீங்க போட்டது பொய் டிக்னு எழுதிக் குடுங்க. நான் மேல அனுப்பி விடுவிக்கிறேன். இல்லாட்டி என்னால ஆகாது" என்று கன்னடத்தில் சொன்னார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

மூன்று வாரம்

ஒரு தாள். அதில் நாலு வரி. அதை எழுத எனக்கு மூன்று வாரம் ஆனது.

எழுதினால் வேலை போகும் என்று பயந்தேன். கொட்டகையை நிரந்தரமாக மூடிவிடுவார்கள், அடுத்த தீபாவளிக்கு வருகிற பிள்ளைகள் என்ன செய்யும் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரேணுகா மேடம் வேறு வழி இருக்கிறதா பார்க்கிறேன் என்றார். ஆபீசில் தெரிந்தவர் ஒருவர் லீவில் இருந்தார். அவர் வரட்டும் என்று ஒரு வாரம். வந்தவர் முடியாது என்று சொல்ல ஒரு வாரம். நான் நல்லவள் என்று நினைத்துக்கொண்டிருந்ததை விட்டுக்கொடுக்க மிச்சம் ஒரு வாரம்.

நடுவில் அம்சா இரண்டு முறை போன் செய்தாள். முதல் முறை, "ஆயிடுச்சா மிஸ்?" என்றாள். இரண்டாவது முறை நான் எடுக்கவில்லை. போன் மேசையில் கிடந்து நகர்ந்து நகர்ந்து அதிர்ந்தது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடித்துக்கொண்டே இருந்தேன். இதைத்தான் எழுதாமல் விட்டுவிடப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் டீ குடித்துக்கொண்டே கேட்டார்.

"இன்னா, அந்தப் பொண்ணு போன் பண்ணிச்சா?"

"ஆமா."

"எடுத்தியா?"

மடித்த துணியை எடுத்துப் போய் அலமாரியில் வைத்தேன்.

"நான்தான் சும்னே இருன்னு சொன்னேன். தப்பு. எழுதிக் குட்த்துடு வசந்தி. வேலை போனா போவுது" என்றார். டம்ளரைக் கழுவி அவரே கவிழ்த்து வைத்தார்.

மறுநாள் எழுதிக் கொடுத்தேன். தலைமை ஆசிரியர் படித்துப் பார்த்து, மடித்து, உறையில் போட்டார். அதற்கும் மேலே போய்வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு மத்தியானம் நம்பர் விடுவிக்கப்பட்டது என்று போனில் சொன்னார்கள். பதிவேட்டில் அவள் பேரின் மேல் ஸ்கேல் வைத்துச் சிவப்புக் கோடு போட்டேன். பிள்ளைகள் யாரும் இல்லாத கொட்டகை. என் பின்னால் நின்று பார்க்க ஆளில்லை.

அந்த போன் நம்பருக்குக் கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து நின்றது.

ஊர் போய்ச் சேர்ந்தோம்

ஞாயிற்றுக்கிழமை நானும் வீட்டுக்காரரும் பஸ் பிடித்தோம். ஓசூர், கிருஷ்ணகிரி, அரூர், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. அம்சாவுக்கு என்று ஒரு தண்ணீர் பாட்டிலும் பெட்ஷீட்டும் வாங்கிக்கொண்டு போனேன். கட்டிலுக்கு வேண்டும் அல்லவா. பெட்ஷீட்டில் மஞ்சள் பூப் போட்டிருந்தது.

வீட்டில் அம்மா பூங்கொடி மட்டும் இருந்தார். கையில் புளி ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவசரமாகக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, பாயை விரித்துப் போட்டார்.

"நம்பர் விட்டாச்சுங்க. இப்ப சேத்துக்கலாம்" என்றேன்.

"அதான் மாசம் முடிஞ்சி போச்சேங்க. வேற புள்ளைக்குக் குட்த்துட்டாங்க. வார்டனம்மா நல்ல மாதிரிங்க, எட்டு நாளு கூடவே வெச்சிப் பாத்தாங்க. நாங்களும் தெனமும் போயிப் போயிப் பாத்தோம்."

"அடுத்த வருஷம்?"

"அடுத்த வருசம் பாக்கலாம்னு சொன்னாங்க." அதைச் சொன்ன விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அம்சா எங்க?"

"எங்க அக்காவோட ஓசூர்ப் பக்கம் தக்காளி பறிக்கப் போயிருக்குது. வூட்ல சும்மா குந்திக்கினு அழுவுது. சோறு திங்க மாட்டேன்றா. அதான் கூட்டிக்கினு போன்னு அனுப்பிட்டோம். நீங்க ஒன்னும் நெனச்சிக்காதீங்க டீச்சர். கம்ப்யூட்டர் பண்ண தப்புக்கு நீங்க என்னா பண்ணுவீங்க?"

அவர்களுக்குத் தெரியவில்லை. கம்ப்யூட்டர் தப்பு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் வாயைத் திறந்தேன். வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கம்ப்யூட்டர் இல்லம்மா. நான்தான். அவ போன பெறகும் அவ வந்த மாதிரி எழுதிட்டேன்" என்றேன்.

பூங்கொடி என்னையே பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "ஏங்க அப்பிடி எழுதினீங்க?" என்று மட்டும் கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இருபது பேர் கணக்கைச் சொன்னேன். பேரை அடிக்காதீர்கள் என்று அம்சா கேட்டதையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். என்ன புரிந்ததோ தெரியாது. எழுந்து போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தார். அந்தக் காப்பியை நான் குடித்தேன். குடிக்காமல் எழுந்து வர எனக்குத் தைரியம் இல்லை.

பெட்ஷீட்டை வைத்துவிட்டு வந்தோம்.

வலைத் தொப்பி

அறக்கட்டளை என்னை எச்சரித்து விட்டுவிட்டது. வேறு டீச்சர் கிடைக்கவில்லை என்பதுதான் காரணம். தலைமை ஆசிரியருக்கு விளக்கம் கேட்டு ஒரு தாள் வந்தது. அவர் ஓய்வு பெறும் வரை அதற்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

தீபாவளி கழிந்தது. லாரிகள் வந்தன. கொட்டகையைத் திறந்து, பேர் எழுத ரோஜாக் கொட்டகைகளுக்கு நடந்தேன். உள்ளே மூன்றாவது வரிசையில் அம்சா நின்றிருந்தாள். தலையில் துண்டு கட்டி, இடுப்பில் பை கட்டியிருந்தாள். ரோஜா மொட்டுக்கு வலைத் தொப்பி மாட்டும் வேலை. மொட்டு சீக்கிரம் விரியாமல் பெரிதாக வளர்வதற்காக ஒவ்வொன்றுக்கும் மாட்ட வேண்டும். சின்ன விரல் உள்ளவர்கள் வேகமாக மாட்டுவார்கள் என்று மேஸ்திரிக்குப் பிடிக்கும்.

"இந்தப் பொண்ணுக்கு பன்னண்டு வயசு மேஸ்திரி" என்றேன். குரல் எழும்பிவிட்டது.

"வேலை எங்க செய்யுது மேடம்? அவங்கம்மாக்கு சும்னே தொணைக்கு நிக்குது" என்றார் நாகராஜ். அம்சாவின் இடுப்புப் பையில் நூறு தொப்பியாவது இருந்திருக்கும். நான் மேலே சொல்லி, ஆட்கள் வந்து பார்த்தார்கள். வந்த அன்று அவள் வெளியே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் திரும்ப உள்ளே நின்றாள்.

வகுப்புக்கு வா என்று கூப்பிட்டேன். இரண்டு நாள் வந்தாள். சுவரில் சாய்ந்து தூங்கிப்போனாள். மூன்றாம் நாள் வரவில்லை. நானே தேடிப் போனேன். கையெல்லாம் முள் கீறல், சிலது காய்ந்து, சிலது புதிது.

"சின்னப் புள்ளைங்களோட குந்த வெக்கமா இருக்குது மிஸ்" என்றாள்.

"ஜூன்ல ஹாஸ்டலுக்கு நான் கூட வரேன். நான் பேசறேன்."

"வேணாம் மிஸ்." மொட்டில் தொப்பியை மாட்டினாள். அடுத்த மொட்டுக்கு நகர்ந்தாள். "அம்மா எல்லாம் சொல்லுச்சி" என்றாள்.

நான் மன்னிப்புக் கேட்டேன். ஒரு பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு அதுவரை பழக்கமில்லை. அரைகுறையாக என்னவோ சொன்னேன். அவள் கேட்டாளா என்று தெரியாது. வரிசை முடிவதற்குள் தொப்பிகளைத் தீர்க்க வேண்டியிருந்தது.

மறுநாள் காலை கொட்டகை வாசலில் நின்றாள். கையைப் பிடித்துக்கொண்டு அவள் தங்கை நித்யா, ஆறு வயது, மூக்கு ஒழுக. தோளில் அம்சாவின் பழைய பை. மஞ்சள் பூப் போட்ட பெட்ஷீட்டில் கொஞ்சம் வெட்டி அதற்கு வார் தைத்திருந்தார்கள்.

"இவ பேரை எழுதுங்க மிஸ்."

எழுதினேன். அவள் என் பின்னால் வந்து நின்று, நான் எழுதுவதை எழுத்து எழுத்தாகப் பார்த்தாள்.

"நாங்க போறப்ப நான் வந்து சொல்றேன். அன்னிக்கே அடிச்சிடுங்க."

"சரிம்மா."

"சத்தியமா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

அந்த பிப்ரவரி கடைசியிலும் லாரி வந்தது. அம்சா ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தாள். இரண்டு காலிலும் செருப்பு இருந்தது. பதிவேட்டை எடுங்கள் என்றாள். எடுத்தேன். நித்யா பேரின் மேல் ஸ்கேலை வைத்துக் கோடு போட்டேன். மற்ற பிள்ளைகள் வழக்கம்போலப் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நித்யா பையைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"தேதி எழுதலியே மிஸ்" என்றாள் அம்சா.

எழுதினேன். அவள் குனிந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, தேதியைப் படித்துப் பார்த்தாள். சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, தங்கையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு லாரிக்குப் போனாள்.